கோய் குளம்: யார் சொல்வதைக் கேட்பது, யாரிடம் வாங்குவது?

கேள்வி நீளமாக இருந்ததால் சாரத்தை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் புது வீட்டின் பின்புறம் 10 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழத்தில் சிமெண்ட் குளம் கட்டி, போர் தண்ணீர் நிரப்பி, வெளியூரிலிருந்து 20 கோய் மீன் (ஜப்பான் அலங்கார மீன்) வரவழைத்திருக்கிறீர்கள். 12 நாளில் 11 செத்துவிட்டன. விற்றவர் உங்கள் தண்ணீரைக் குறை சொல்கிறார். பக்கத்துக் கடைக்காரர் ஏதோ நீலப் பாட்டிலைக் கொடுத்து 10 மூடி ஊற்றச் சொல்கிறார். வீடியோவில் ஒருவர் உப்பு போடு என்கிறார், இன்னொருவர் உப்பு போட்டால் போச்சு என்கிறார். இதில் யாரை நம்புவது, அடுத்த தடவை மீனை எங்கே வாங்குவது என்பது கேள்வி.

கல்லிடைக்குறிச்சியில் 14 வருஷமாகக் கோய் குளம் வைத்திருக்கிறேன். முதல் இரண்டு வருஷம் மீனுக்குக் கொடுத்த காசை விட மருந்துக்குக் கொடுத்த காசு அதிகம். அந்த அனுபவத்தில் மிஞ்சியது ஒரே ஒரு அளவுகோல். ஆலோசனை சொல்கிறவர் ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த எண்ணை என் குளத்தில் நானே அளந்து பார்க்க முடிய வேண்டும். "தண்ணி சரியில்லை" என்பது ஆலோசனை ஆகாது. "பி.எச். எவ்வளவு, அம்மோனியா எவ்வளவு, குளத்தில் எத்தனை லிட்டர்?" என்று திருப்பிக் கேட்கிறவரிடம்தான் நான் உட்கார்ந்து பேசுவேன். பி.எச். என்பது தண்ணீரின் அமில-கார அளவு, அம்மோனியா மீன் விடும் கழிவு.

உங்கள் குளத்தையே எடுத்துக்கொள்வோம். 10 × 8 × 4 என்றால் 320 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக விளிம்பு வரை நிரப்பினால் சுமார் 9,000 லிட்டர். நீலப் பாட்டில் கொடுத்தவர் இதைக் கேட்டாரா? கேட்காமல் 10 மூடி என்றால் அது கணக்கு இல்லை, கைராசி.

மீன் செத்ததற்குக் காரணம் நோயாக இல்லாமலும் இருக்கலாம். புது சிமெண்ட் சுண்ணாம்பைக் கக்கும், பி.எச். 9-ஐத் தாண்டிப் போகும். ஃபில்டரும் புதிது, அதில் அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா குடியேறவே 4 முதல் 6 வாரம் ஆகும். மீன் செவுள் வழியாக அம்மோனியாவை விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீரின் சூடு 30 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பி.எச். 7-இல் மொத்த அம்மோனியாவில் நஞ்சாக இருப்பது 1 சதவீதத்துக்கும் குறைவு. 8-இல் 7 சதவீதத்துக்கு மேல். 9-இல் 45 சதவீதம் வரை. அதே மீன், அதே தீனி, நஞ்சு மட்டும் ஐம்பது மடங்குக்கு மேல். இதற்கு எந்தப் பாட்டிலிலும் மருந்து கிடையாது. நம் ஊர்ப் பழைய மேஸ்திரிகள் புதுத் தொட்டியில் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி விடச் சொல்வார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் எத்தனை நாள் என்பதை வாழைத்தண்டு சொல்லாது, பி.எச். சோதனைதான் சொல்லும். புதுத் தண்ணீர் விட்டு மூன்று நாள் கழித்தும் பி.எச். ஏறாமல் நின்றால் தொட்டி பதமாகிவிட்டது.

சரி, நம்பகமான தகவலுக்கு வருவோம். மீன் கடைக்குப் போகும் முன் போக வேண்டிய இடம் தண்ணீர் ஆய்வகம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் குடிநீருக்குச் செய்யும் சோதனையை உங்கள் போர் தண்ணீருக்கும் செய்து தாளில் தருவார்கள். கடினத்தன்மை, காரத்தன்மை, குளோரைடு, இரும்பு எல்லாம் அதில் இருக்கும். நம் திருநெல்வேலி மாவட்டத்தில் இது ரொம்ப முக்கியம். ஏனென்றால் இங்கே ஒரே தண்ணீர் கிடையாது. பொதிகையிலிருந்து இறங்கும் தாமிரபரணி மென்மையான தண்ணீர். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அதில் சோப்பு நுரைத்துத் தள்ளும். நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் போனால் போர் தண்ணீர் வாளியில் வெள்ளைப் படிவு கட்டும். எனக்குச் சரியாக இருந்த முறை ராதாபுரத்துக்காரருக்குச் சரிவராது, அவருடையது எனக்கு ஆகாது. எங்கள் ஊர்த் தண்ணீரில் காரத்தன்மை, அதாவது பி.எச். சரியாமல் தாங்கிப் பிடிக்கும் சக்தி, குறைவு. ஃபில்டர் பாக்டீரியா அதையும் தின்று தீர்த்துவிட்டால் பி.எச். திடீரென்று சரியும். அதனால் நான் ஆப்ப சோடா போட்டுக் காரத்தன்மையைத் தூக்கி வைத்திருக்கிறேன். 10,000 லிட்டரில் 168 கிராம் போட்டால் காரத்தன்மை லிட்டருக்கு 10 மில்லிகிராம் ஏறும். ராதாபுரத்தில் இதைச் செய்தால் வீண் செலவு. ஆக "கோய் குளத்துக்கு ஆப்ப சோடா போடலாமா?" என்ற கேள்விக்கு உங்கள் தண்ணீர்த் தாளைப் பார்க்காமல் பதில் சொல்கிறவர் யாராக இருந்தாலும், எத்தனை லட்சம் பேர் அவரைப் பின்தொடர்ந்தாலும், அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை.

மாநகராட்சித் தண்ணீர் பிடிப்பதாக இருந்தால் அதில் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுக்க ஏர் பம்ப் ஓட்டி வைத்துவிட்டு விடுங்கள், அவசரத்துக்கு ஹைப்போ (குளோரினை முறிக்கும் சோடியம் தையோசல்பேட்).

அடுத்த இடம் பலருக்குத் தோன்றாத இடம். கோய் என்பது ஏதோ ஜப்பான் தேவலோக மீன் இல்லை, கெண்டைதான். நிகாட்டா மலைப்பக்க விவசாயிகள் சாப்பாட்டுக்கு வளர்த்த கெண்டையில் நிறம் வந்ததைப் பிடித்துப் பிரித்து இனமாக்கினார்கள். 1914-இல் டோக்கியோ கண்காட்சியில் வைத்த பிறகுதான் ஜப்பான் முழுக்கப் பேர் வந்தது. நம் குளங்களில் வளர்க்கிற சாதா கெண்டைக்கும் கோய்க்கும் வரும் பேன் ஒன்று, புழு ஒன்று. மீன் பேனும் நங்கூரப் புழுவும் விலை பார்த்துக் கடிப்பதில்லை. ஆகவே கோய் கடைக்காரரை விடக் கெண்டை தெரிந்தவர்கள் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். தூத்துக்குடியில் 1977-இல் தொடங்கிய மீன்வளக் கல்லூரி இருக்கிறது, இப்போது நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. உங்கள் ஊரிலேயே தூய சவேரியார் கல்லூரியில் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி மையம் உண்டு, விரால் ஆராய்ச்சிக்குப் பேர் போனது. மணிமுத்தாற்றில் மீன்வளத்துறையின் மீன் பண்ணை இருக்கிறது. அங்கே கோய் வாங்கப் போக வேண்டாம். அனுமதி கேட்டு, கெண்டைக் குஞ்சை எப்படி எண்ணுகிறார்கள், எப்படிப் பையில் கட்டுகிறார்கள் என்று ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். பத்து வீடியோவுக்குச் சமம்.

இவர்களிடம் போகும்போது செத்த மீனைக் கொண்டு போகாதீர்கள். நம் வெயிலில் ஒரு மணி நேரத்தில் செவுள் கெட்டுவிடும், பார்க்க ஒன்றும் மிஞ்சாது. நோய்ப்பட்ட மீனை உயிரோடு ஆக்சிஜன் பையில் கட்டி, குளத்துத் தண்ணீரை ஒரு லிட்டர் தனி பாட்டிலில் பிடித்து எடுத்துப் போங்கள். உடம்பு வழவழப்பைக் கொஞ்சம் வழித்து நுண்ணோக்கியில் வைத்தால் ஒட்டுண்ணி இருக்கிறதா இல்லையா என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிடும். மருந்து சொல்கிற யாரையும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான்: "நுண்ணோக்கியில பாத்தீங்களா அண்ணாச்சி?" பார்க்காமல் ஆன்டிபயாடிக் கலக்கச் சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிடுவேன்.

இணையத்தில் தேடுவதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. 'கோய் வளர்ப்பு' என்று தேடினால் வங்காளத்திலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் ஏகப்பட்ட வீடியோ வரும். அந்த கோய் வேறு. வங்காளத்தில் கோய் என்பது நம்முடைய பனையேறிக் கெண்டை. காற்றைக் குடித்து வாழும், சேற்றிலும் பிழைக்கும், தரையில் ஊர்ந்தே அடுத்த வயலுக்குப் போகும். அதற்குச் சொல்லும் நெருக்கத்தில் ஜப்பான் கோயை விட்டால் விடிவதற்குள் மிதக்கும். எனக்குத் தெரிந்த ஒருவர் இப்படியே ஒரு சின்டெக்ஸ் தொட்டியில் 60 விட்டார்.

இங்கிலாந்து, ஜப்பான் புத்தகங்களும் பக்கங்களும் தரமானவை, ஆனால் அவை குளிருக்காக எழுதப்பட்டவை. 10 டிகிரிக்குக் கீழே தீனியை நிறுத்து, பனிக்கட்டியில் ஓட்டை போடு என்று இருக்கும். நமக்கு பிரச்சினை சித்திரை, வைகாசி. 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். பாசி பிடித்த குளத்தில் அதுவும் விடியற்காலை நான்கு, ஐந்து மணிக்கு இன்னும் இறங்கும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் என்ன செய்வது என்று சொல்லாத கோய் புத்தகம் நமக்குப் பாதிப் புத்தகம்தான். என் பதில்: ஏர் பம்ப் மட்டும் வீட்டு இன்வர்ட்டரில், மேலே பாதிக் குளத்துக்கு நிழல் வலை, கோடையில் தீனி காலையில் கொஞ்சம் நேரம் கழித்து, அதுவும் அளவாக. நைட்ரஜன் சுழற்சி, தண்ணீர் வேதியியல், ஒட்டுண்ணிகளின் வாழ்க்கை, இதெல்லாம் எந்த ஊரிலும் ஒன்று. அவற்றை அந்தப் புத்தகங்களிலிருந்து தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். பருவம் சம்பந்தப்பட்டதை மட்டும் இங்கே வளர்க்கிறவரிடம் கேளுங்கள்.

இனி விற்பவர்கள். இதில்தான் நான் அடிபட்டவன், அதனால் கொஞ்சம் நீளும்.

படம் பார்த்து வெளியூரிலிருந்து நான் வரவழைத்த முதல் சரக்கு 12 மீன். படத்தில் சிவப்பு குங்குமம் மாதிரி, வெள்ளை சுண்ணாம்பு அடித்த மாதிரி. இரவு பஸ்ஸில் தெர்மாகோல் பெட்டியில் வந்தது. வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் காலை ஆறு மணிக்குப் போய் வாங்கி வந்தேன். நிறம் படத்தில் பாதி. அது போகட்டும், நான்காம் நாள் மீன்கள் சுவரில் உரசத் தொடங்கின, பத்தாம் நாள் பழைய மீன்களும் உரசின. விற்றவரைக் கூப்பிட்டால் போனை எடுக்கவில்லை. புதியதில் 12-உம் போனது. பழையதில் எட்டு வயது மீன் ஒன்றும் போனது, அதுதான் இன்றைக்கும் வலிக்கிறது. அவர் பேரைச் சொல்லிப் பிரயோஜனமில்லை. தவறில் பாதி என்னுடையது, புது மீனைக் கொஞ்ச நாள் பிரித்து வைத்துப் பார்க்கும் தனித்தொட்டி இல்லாமல் நேராகக் குளத்தில் கொட்டியவன் நான்.

நம்பிக்கை வந்த ஆள் வேறு விதமாக அமைந்தார். மதுரைப் பக்கம் சின்னதாகப் பண்ணை வைத்திருக்கிற சங்கரன்கோவில்காரர். ஆறு மீன் வேண்டும் என்று போனேன். காசைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தொட்டியைக் காட்டினேன். "அதை விடுங்க அண்ணாச்சி, வந்து அஞ்சு நாள்தான் ஆகுது. மூணு வாரம் கழிச்சு வாங்க, இருந்தா தாரேன்" என்றார். மூன்று வாரம் கழித்துப் போனபோது நான் காட்டியதில் இரண்டு இல்லை. "போயிட்டு" என்று அவரே சொன்னார். அன்றிலிருந்து அவரிடம்தான் வாங்குகிறேன். விலை மற்ற இடத்தை விடக் கூடத்தான்.

இதிலிருந்து நான் செய்துகொண்ட சோதனை: பணத்தை முழுக்கக் கொடுத்துவிடுகிறேன், மீனை உங்கள் தொட்டியிலேயே 15 நாள் வைத்திருங்கள் என்று கேட்பேன். தொட்டி வாடகை கூட வாங்கிக்கொள்ளட்டும். தன் தண்ணீர் மேல் நம்பிக்கை உள்ளவர் சரி என்பார். "இன்னிக்கு எடுத்தாத்தான், நாளைக்கு வேற பார்ட்டி வாராங்க" என்கிறவரிடம் வாங்குவதே இல்லை. வலையையும் பார்ப்பேன். ஒரே வலையை எல்லாத் தொட்டியிலும் விடுகிறார் என்றால் எல்லாத் தொட்டியும் ஒரே தொட்டிதான்.

சென்னை கொளத்தூர் பெரிய சந்தை. அலங்கார மீனில் நாட்டிலேயே பேர் பெற்ற இடம், நல்ல வியாபாரிகளும் நிறைய உண்டு. ஆனால் எந்தச் சந்தையும் சத்திரம் மாதிரி: பல பண்ணை மீன் ஓரிரவு தங்கிப் போகும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி, மீன் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது, வந்து எத்தனை நாள் ஆயிற்று என்பது. பதில் தெரிந்தவரிடம் வாங்கலாம்.

'இம்போர்ட்டட்' என்ற சொல்லுக்குக் காசு கொடுக்கும் முன் தாளைக் கேளுங்கள். வெளிநாட்டு மீன் முறையாக வந்தால் மத்திய அரசின் இறக்குமதி அனுமதியும், அனுப்பிய நாட்டின் உடல்நலச் சான்றும் இருக்கும். டைனிச்சி, சகாய், மோமோதாரோ என்று ஜப்பான் பண்ணைப் பேர்களைச் சொல்வது எளிது. எந்த மீனுக்கு எந்தத் தாள் என்று படத்தோடு காட்டினால்தான் கணக்கு. அப்புறம், நீள வால் ஆடுகிற 'பட்டர்ஃப்ளை கோய்' இந்தோனேசிய நீளத்துடுப்புக் கெண்டையைக் கலந்து வந்தது. அழகுதான், எனக்கும் பிடிக்கும். அதை ஜப்பான் அரிய வகை என்று விற்றால் மட்டும் சிரித்துவிட்டு நகருங்கள்.

படம் பார்த்து வாங்கத்தான் வேண்டும் என்றால், வெளிச்சத்தில் நீலத் தொட்டியில் மீனை விட்டு, உங்கள் பேரைச் சொல்லிக்கொண்டே எடுத்த வீடியோ கேளுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. குட்டி மீனில் நிறம் மாறும், மறையும், அது ஏமாற்று இல்லை. ஆனால் துடுப்பு மடங்கி ஓரமாக நிற்பது, செவுள் ஒரு பக்கம் மட்டும் அசைவது, இதை எந்த வெளிச்சமும் மறைக்காது.

மீன் வந்து சேர்ந்ததும் எல்லோரும் சொல்லும் ஒரு முறை உண்டு: பையைத் திறந்து குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மணி நேரம் ஊற்று என்று. பத்து மணி நேரம் பயணம் வந்த பைக்கு இது ஆபத்து. பைக்குள் மீன் விட்ட கரியமில வாயு பி.எச்.-ஐத் தாழ்த்தி வைத்திருக்கும், அதனால்தான் அங்கே சேர்ந்த அம்மோனியா கொல்லாமல் இருந்தது. பையைத் திறந்ததும் வாயு போகும், பி.எச். ஏறும், அதே அம்மோனியா நஞ்சாகும். ஆகவே கட்டிய பையை நிழலில் 15, 20 நிமிஷம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமமாக்குங்கள். திறந்த உடனே மீனைக் கையால் தூக்கித் தனித்தொட்டியில் விடுங்கள். பைத் தண்ணீர் ஒரு சொட்டும் உள்ளே போக வேண்டாம்.

தனித்தொட்டி என்றால் 1,000 லிட்டர் சின்டெக்ஸ் போதும், ஆனால் ஓடிப் பழகிய ஃபில்டர் வேண்டும். உப்பு 0.3 சதவீதம் வைக்கலாம், அதாவது 1,000 லிட்டருக்கு 3 கிலோ, இரண்டு மூன்று நாளில் பிரித்துப் போட வேண்டும். தூத்துக்குடி உப்பளம் பக்கத்தில் இருக்கும்போது 'அக்வேரியம் சால்ட்' பாக்கெட்டுக்கு ஏன் காசு? கல்லுப்பு போதும். உப்பு எல்லாப் பேனையும் கொல்லாது. ஃபில்டரில் அம்மோனியாவிலிருந்து உண்டாகும் நைட்ரைட் நஞ்சிலிருந்து காப்பாற்றும், சில ஒட்டுண்ணிகளைக் குறைக்கும், அவ்வளவுதான். வீடியோக்காரர்கள் இருவரும் பாதி சரி.

எத்தனை நாள் தனியாக வைப்பது என்பதில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல். கோய் ஹெர்பிஸ் வைரஸ் என்று ஒன்று உண்டு, 1998-இலிருந்து உலகம் அறிந்தது, மருந்தே கிடையாது. அது பெரும்பாலும் 16 முதல் 28 டிகிரிக்குள்தான் நோயாக வெளிப்படும். மே மாதம் 32 டிகிரியில் மூன்று வாரம் தனியாக வைத்து "நல்லாத்தான் இருக்கு" என்று குளத்தில் விட்டால், ஐப்பசி மழையில் தண்ணீர் 26-க்கு இறங்கும்போது அது எழும்பலாம். அதனால் கோடையில் நான் மீன் வாங்குவதே இல்லை. மழை நின்று தை பிறந்த பிறகு வாங்கி, தண்ணீர் 28-க்குக் கீழே இருக்கும்போதே தனித்தொட்டிக் காலத்தை முடித்துக்கொள்கிறேன்.

தீனி, பம்ப் விஷயம் சுருக்கமாக. மூட்டை பிரித்து எடை போட்டு விற்கும் தீனி வேண்டாம், தயாரித்த தேதி தெரியாது. பையைத் திறந்ததும் சிக்கு வாடை அடித்தால் திருப்பிக் கொடுங்கள். பம்ப் பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் கணக்கு தண்ணீரை மேலே தூக்காமல் சொன்னது. நான்கு அடி தூக்கினால் எவ்வளவு வரும் என்று பெட்டியிலுள்ள அட்டவணையைப் பாருங்கள், இல்லாவிட்டால் வாளியும் கடிகாரமும் போதும். உங்கள் குளத்து முழுத் தண்ணீரும் இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை ஃபில்டரைச் சுற்றி வர வேண்டும். பம்ப்பை ஆன்லைனில் வாங்குவதை விட, ஊரில் காயில் கட்டித் தருகிற மெக்கானிக் கடையில் கேட்டு வாங்குங்கள், கெட்டால் அங்கேதான் போகப்போகிறீர்கள். அந்த லைனுக்கு 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். குளத்தில் கை வைப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைகளும்தான்.

கடைசியில் ஒரு வரியில் கேட்டிருந்தீர்கள்: குஞ்சு பொரிக்க வைத்தால் நாங்களே திரும்ப வாங்கிக்கொள்கிறோம், மூன்று லட்சம் கட்டுங்கள் என்று ஒருவர் வந்தாராம். இப்படியே சொல்லிப் பணம் வாங்கிய பெருந்துறை ஈமு கோழிப் பண்ணை 2012-இல் என்ன ஆயிற்று என்று வீட்டில் பெரியவர்களைக் கேளுங்கள். வீட்டுப்புற அலங்கார மீன் வளர்ப்புக்கு உண்மையிலேயே அரசு மானியம் உண்டு. 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் 3 லட்ச ரூபாய் அலகுக்குப் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று வைத்திருந்தார்கள். இப்போதைய நிலையை மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள், இடையில் ஆள் வேண்டாம்.

இப்போது மிச்சமிருக்கிற 9 மீனுக்கு: இன்றைக்கே தீனியை நிறுத்துங்கள், ஒரு வாரம் பட்டினி கிடந்தால் ஒன்றும் ஆகாது. திரவச் சோதனைக் கிட் வாங்கி, காலாவதி தேதி பார்த்து, பி.எச்.-உம் அம்மோனியாவும் காலை மாலை எழுதி வையுங்கள். தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். நீலப் பாட்டிலை மூடியே வையுங்கள். பிழைக்காது என்று தோன்றினாலும் அவற்றை நயினார்குளத்திலோ ஆற்றிலோ விட்டுவிடாதீர்கள். எழுதிய எண்களை ஒரு வாரம் கழித்து அனுப்புங்கள், அப்புறம் பேசுவோம்.